துருப்பிடிக்காத திருகாணிகள்

வடக்குக் காற்று கொட்டகைத் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. சிப்பிக் குவியலைச் சுற்றி மூன்று பெண்கள் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் லியென்-ஹுவா, அவள் மகள் மான்-லி, மருமகள் பெய்-லின். மூவர் கையிலும் ரப்பர் கையுறை, முனை மழுங்கிய சிறு கத்தி. சிப்பியின் வாயில் கத்தியை நுழைத்து ஒரு திருப்பு. மேலோடு கழன்றுவிடும். சதையை வழித்து வாளியில் போட வேண்டும். மாமியாரின் கை பார்க்காமலே அதைச் செய்தது. நாளை மான்-லிக்குக் கல்யாண விருந்து. நகச்சாயம் கெடாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறை போட்டிருந்தாள். விருந்துக்கு வேண்டிய சிப்பியை வெளியே வாங்கினால் அவர்கள் ஊரான தோங்ஷித் துறையில் சிரிப்பார்கள். அதனால் மணப்பெண்ணும் உட்கார வேண்டியதாயிற்று.

"அண்ணி, உங்க வாளியப் பாருங்க."

பெய்-லின் பார்த்தாள். வாளிக்குள் ஓடு கிடந்தது. சதை ஓட்டுக் குவியலில் கிடந்தது.

"அவ மனசு இங்க இல்லடி," என்றாள் மாமியார். "செத்துப்போன லேப்டாப் மெஷின்கிட்ட இருக்கு. எத்தன நாளுக்கு அதுக்குத் துக்கம் காப்ப?"

"சாகல அத்தே. எழுந்திருக்க மாட்டேங்குது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அதுல என் படம்தான இருக்கு? விடுங்க அண்ணி," என்றாள் மான்-லி. "மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கிற என் போட்டோவ மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. அவங்களுக்கு என் மூக்கப் பத்தி இன்னும் தெரியாது."

பெய்-லின் ஓட்டை எடுத்து வெளியே எறிந்தாள். சதையைப் பொறுக்கி வாளியில் போட்டாள். மான்-லிக்குத் தெரியாத ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. அதை அவளிடம் சொல்லக்கூடாது.

தன் கல்யாணத்துக்கு முன் பெய்-லின் காவ்ஷியுங் நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். விருந்தில் சாப்பாடு வருமுன் திரையில் ஓடுகிற படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை. மணப்பெண்ணின் பிறந்த நாள் போட்டோவில் தொடங்கி மோதிரம் மாற்றுவதில் முடியும் படம். தோங்ஷிக்கு வந்தபிறகும் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு அவள்தான் படம் செய்தாள். காலையில் சிப்பி, மத்தியானம் படம். அவளுக்குப் பழகிய படவெட்டு மென்பொருள், ஒரு கம்பெனி தன் சொந்த மெஷினுக்கென்றே செய்த சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அந்த மெஷினை வாங்க முடியாதவர்கள் சிஸ்டத்தைத் தனியே பெயர்த்து, சாதாரண லேப்டாப்பில் ஏற்றிக்கொள்வார்கள். கம்பெனியின் சின்னம் ஒரு பழம் என்பதால் அதற்குக் 'கறுப்புப் பழம்' என்று பெயர். கம்பெனி அதற்கு ஒப்புதல் கொடுத்ததில்லை. ரிப்பேர் என்றால் கேட்க ஆளில்லை. புருஷனின் சித்தப்பா மகன் பிங்-ஹுங்தான் அவளுக்கு ஏற்றிக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரே ஒரு புத்தி சொன்னான்: அப்டேட் கேட்டால் கொடுக்காதே. முதலில் மற்றவர்கள் கொடுத்துப் பார்க்கட்டும்.

இத்தனை நாளும் அவள் கொடுத்ததில்லை. கொடுக்க வைத்தது மாமியார்.

கல்யாண வீட்டில் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்பது மாமியாரின் பிடிவாதம். திரைச்சீலை புதிது. செருப்பு புதிது. குளியலறை பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கழற்றிப் புதிது போட்டாள். பஞ்சாங்கத்தைப் பார்த்து, பழையதை நீக்க உகந்த நாள் என்று போட்டிருந்த அன்று வீடு முழுக்கச் சுற்றினாள். பெய்-லின் படத்தை முடித்துவிட்டு நிமிர்ந்த நேரம். திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி எழுந்து நின்றது.

"என்னவாம் அதுக்கு?"

"புது சிஸ்டம் வந்திருக்காம் அத்தே. போட்டுக்கவான்னு கேக்குது."

"போடேன்."

"அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம் எப்ப? இன்னைக்குத்தான் நாள் நல்லாருக்கு. நாளைக்கு நகம் வெட்டக்கூட ஆகாதுன்னு போட்டிருக்கு. பழசக் கட்டிக்கிட்டு எம்பொண்ணு விருந்துக்கு வரப்போறியா?"

வேலை முடிந்த நிம்மதியில் இருந்தாள் பெய்-லின். போனில் கறுப்புப் பழக்காரர்களின் குழுவில் இரண்டு மூன்று பேர் போட்டுப் பார்த்து நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். அமுக்கிவிட்டாள். லேப்டாப் அணைந்து எழுந்தது. வெள்ளைக் கோடு பாதிவரை வந்தது. திரை கறுத்தது. மறுபடி எழுந்தது, மறுபடி கறுத்தது. அன்றிலிருந்து அதே கதைதான்.

மாமியார் வருத்தப்படவில்லை. லேப்டாப்பின் மேல் வைத்திருந்த தேங்காய்ப் பொரிப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மெஷின் முரண்டு பிடிக்காமல் இருக்க அந்தப் பச்சைப் பாக்கெட்டை மேலே வைப்பது ஊர் வழக்கம். மீன் ஏலக் கூடத்துத் தராசின் மேலும் ஒன்று இருக்கிறது.

"தேதி முடிஞ்சுபோச்சு இது. அதான். உன் மேலதான் தப்பு," என்று சொல்லிவிட்டு, அந்தப் பொரியைத் தின்றுகொண்டே போனாள்.

*

மத்தியானம் சிப்பிக் கஞ்சி. செலரித்தழையும் வெள்ளை மிளகும் தூக்கலாகப் போட்டிருந்தது. மாமனார் தெங்-வாங் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, வாசல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். பேசிச் சாப்பிடுகிற ஆளில்லை. சாப்பிடாதபோதும் பேசுகிற ஆளில்லை. பெய்-லினின் புருஷன் ஷெங்-கை கடலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சிப்பி வளர்கிற மூங்கில் பரண்கள் காற்றில் ஒடிந்ததைக் கட்டிவிட்டு வந்த கையைக் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டான்.

"பிங்-ஹுங்குக்குப் போன் போட்டியா?"

"போட்டாச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துங்கங்கறான். ஒரு மணி நேர வேலையாம்."

"அப்ப அழி."

பெய்-லின் அவனைப் பார்த்தாள். அவன் கஞ்சியைப் பார்த்தான். அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

படத்தின் கடைசியில் தெங்-வாங் பேசியிருந்தார். மகளுக்காகப் பேச வேண்டும் என்று பெய்-லின் கேட்டபோது முதலில் எழுந்து போய்விட்டார். அப்புறம் ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் கயிறு பிரித்துக்கொண்டிருந்தவர், "அந்த டப்பாவக் கொண்டா" என்றார். கேமராவைத்தான் சொன்னார். பேசி முடித்ததும், "ஒரு தடவதான். இன்னொரு தடவ கேக்கக்கூடாது" என்றார். அந்தப் பதிவு கேமராவில் இப்போது இல்லை. ஒடிந்த பரண்களைப் படமெடுத்து மீனவர் சங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்று ஷெங்-கை கார்டில் இருந்ததை அழித்துவிட்டான். அவளும் சரி என்றுதான் கொடுத்தாள். லேப்டாப்பில் இருக்கிறதே என்ற தைரியம்.

"போட்டோ மட்டும்தான? மறுபடி ஸ்கேன் பண்ணிக்கலாமே," என்றாள் மான்-லி.

"ஆமா ஆமா," என்றான் ஷெங்-கை. பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும்.

தெங்-வாங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கோயில் வாசல்ல பந்தல் போடறாங்க. போய்ப் பாக்கறேன்," என்று எழுந்தார். கஞ்சி பாதி மிச்சமிருந்தது.

*

பெய்-லின் அழிக்கவில்லை. பிங்-ஹுங் முதன்முதலில் சிஸ்டம் ஏற்றிய பென்டிரைவைத் தேடி எடுத்தாள். ஊறுகாய்ப் பாட்டில் மூடிகள் போட்டுவைத்த டப்பாவில் இருந்தது. லேப்டாப்பை எழுப்பிவிடுகிற கோப்புகளின் படி ஒன்று அதிலும் உண்டு. அதை வைத்து எழுப்பினால், பழச்சின்னத்துக்குப் பதிலாக உள்ளே நடப்பதெல்லாம் வெள்ளை எழுத்தாக ஓடும்படி செய்யலாம். எழுத்து ஓடுகிற வேகத்தில் எந்தக் கண்ணும் படிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருந்தது. திரையைப் போனில் படம்பிடித்து, பிறகு ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் படிப்பார்கள்.

"மான்-லி, கொஞ்சம் போனப் பிடிக்கிறியா? கை ஆடக்கூடாது."

"நாளைக்குக் கல்யாணம் எனக்கு. இன்னைக்கு நான் கேமராக்காரி," என்றாலும் பிடித்தாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அருவியாகக் கொட்டியது. சட்டென்று நின்றது. திரை அணைந்தது.

"எதாச்சும் தெரிஞ்சுதா அண்ணி?"

"இரு."

போனை வாங்கி விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசி வரியில் டச்பேடை இயக்குகிற டிரைவர் மென்பொருளின் பெயர் இருந்தது. விரலால் தேய்த்து அம்பை நகர்த்துகிற அந்தச் சதுரத் தட்டுக்கு உரியது. அதை எழுப்பப் போன இடத்தில்தான் மெஷின் விழுகிறது. அந்தக் காட்சியைக் கறுப்புப் பழக்காரர்களின் குழுவில் போட்டாள். அங்கே சும்மா அவசரம், உதவுங்கள் என்று எழுதினால் கேலிப் படங்கள்தான் வரும். லேப்டாப் மாடல், பழைய சிஸ்டம், புதிய சிஸ்டம், கடைசி வரி எல்லாம் போட்டால் மனுஷனாக மதிப்பார்கள். அவளுக்குப் பதில் சீக்கிரமே வந்தது. 'தைச்சுங் ஆந்தை' என்ற பெயரில் ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வறுபடும் சத்தம் பின்னால் கேட்டது.

"தங்கச்சி, கடைசி வரிக்குக் கொஞ்சம் மேல பாருங்க. உள்ள இருக்கிற டச்பேட் ஒரு கம்பெனி. நீங்க வெச்சிருக்கிற டிரைவர் இன்னொரு கம்பெனி டச்பேடுக்கு. பழைய சிஸ்டம் போனாப் போகுதுன்னு விட்டுச்சு. புதுசு கொஞ்சம் முறைப்பான ஆளு, விடாது. டச்பேட்ட மாத்தினப்பவே டிரைவரையும் மாத்தியிருக்கணும். ஏன் மாத்தல?"

"நான் எதையும் மாத்தலையே," என்று எழுதினாள் பெய்-லின்.

"அப்ப ராத்திரி எலி வந்து மாத்திட்டுப் போயிருக்கும்," என்று பதில் வந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. பிங்-ஹுங் ஏற்றும்போது எல்லாம் ஒத்துப் போயிற்று. இந்த டிரைவரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆந்தைக்கு என்ன தெரியும்? லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள். ஆந்தை சொல்வது பொய்யென்று நிரூபிக்கத்தான் கவிழ்த்தாள்.

அடிப்பலகையின் திருகாணிகள் பளபளவென்று இருந்தன.

அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் எதுவும் பளபளக்காது. கடல் காற்றில் கதவுக் கீல், கத்தரி, சைக்கிள் மணி, சாமி மாடத்து ஆணி எல்லாம் பழுப்பேறிப் போகும். புதுப் பாத்திரம்கூட ஒரு குளிர்காலம் தாண்டாது. போன வருஷம் பிங்-ஹுங் தூசி தட்ட இதைத் திறந்தபோது, திருகாணி துருவேறி வழுக்கி, அவன் பல்லைக் கடித்தது அவளுக்கு நினைவிருந்தது. இவை அவை அல்ல. யாரோ திறந்திருக்கிறார்கள். பழையதை எறிந்துவிட்டுப் புதிது போட்டு மூடியிருக்கிறார்கள்.

"அத்தே, இத யாராச்சும் திறந்தாங்களா?"

மாமியார் சிவப்பும் வெள்ளையுமாக அரிசிமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "நானா? எனக்கு அத மூடத்தான் தெரியும்."

"மான்-லி?"

"நான் போன மாசமெல்லாம் மாப்பிள்ள ஊர் தாவ்யுவான்ல பாத்திரக்கடைக்கும் கட்டில்கடைக்கும் அலைஞ்சேன் அண்ணி."

"உங்க அண்ணன்?"

"அவனுக்கு டிவி ரிமோட்ல பேட்டரி மாத்தத் தெரியாது," என்றாள் மாமியார். ஒரு உருண்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏம்மா, நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தியே. அந்த வாரம் எங்க வீட்டு மனுஷன் பல்லு கட்டிக்கிட்டு வரேன்னு சியாயி டவுனுக்குப் போனாரு. போகும்போது சிப்பிக் கூடையத் துண்டு போட்டு மூடி எடுத்துக்கிட்டுப் போனாரு. டாக்டருக்குக் கொடுக்கன்னாரு. திரும்பி வந்தப்பவும் அந்தக் கூடை மூடித்தான் இருந்துச்சு. பல்லு அப்படியே ஓட்டையாத்தான் இருந்துச்சு. கேட்டதுக்கு டாக்டர் ஊர்ல இல்லன்னுட்டாரு."

மான்-லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பாவா? அப்பா எதுக்கும்மா லேப்டாப்பத் தொடறாரு?"

கூடையில் போனது என்ன என்று பெய்-லினுக்குத் தெரிந்துவிட்டது. பென்டிரைவைப் பையில் போட்டு, லேப்டாப்பைச் சால்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

*

கோயில் வாசலில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட பந்தல் துணி காற்றில் பட்டாசாக வெடித்தது. ஆட்கள் இரும்புக் காலுக்கு மணல் மூட்டை கட்டினார்கள். சமையல்காரர் தன் பெரிய அடுப்புகளை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தார். தெங்-வாங் ஒரு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது விழுகிற நிலையில் இல்லை.

"மாமா."

அவர் சால்வையைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

"டச்பேட்ட மாத்தினீங்களா?"

"அதுக்கு அதான் பேரா?"

"ஆமா."

"தேய்க்கிற எடந்தான? ஆமா." காலை விட்டுவிட்டு ஓரமாக நடந்தார். இவளும் நடந்தாள். காற்று மறைவில், கோயில் ஆபீஸ் சுவரோரம் நின்றார்கள். "டீ கொட்டிருச்சு. தேய்ச்சுப் பாத்தேன், அந்த அம்பு நகரல. பயந்துட்டேன். கடைக்காரப் பையன் அந்த ஒண்ண மாத்தினாப் போதும்னான். பழசு மாதிரியே இருக்கணும்னு சொன்னேன். மாதிரியேதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. நானே கண்டுபிடிக்கல. என்னடா இப்பல்லாம் விரல் வழவழன்னு போகுதேன்னு நெனச்சேன். நாம நல்லாத் தொடச்சு வெச்சிருக்கோம்னு பெருமையா இருந்தேன்."

"திருகாணியெல்லாம் துருவேறிப்போச்சு, புதுசு போடவான்னான். போடுன்னேன். நல்லதுதான்னு."

"அதுலதான் மாட்டிக்கிட்டீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். பல் இல்லாத இடம் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அந்த டிரைவர அன்னைக்கே மாத்தியிருப்பேன் மாமா. இந்தப் பாடு இல்ல."

"சொன்னா, எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்ப."

"கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

பந்தல்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். கையை அசைத்து நிறுத்தினார்.

"நான் பேசினத ஒரு தடவ பாக்கலாம்னு எடுத்தேன். நீ செய்யறதப் பாத்திருக்கேன்ல. கண்டுபிடிச்சுப் போட்டுட்டேன். குரலா அது? குளிர்ல நனைஞ்ச ஆடு மாதிரி. இத ஊரே கேக்கப்போகுதா, அழிச்சிடலாம்னு பாத்தேன். எங்க அமுக்கறதுன்னு தெரியல. எட்டிப் பாத்தப்ப முழங்கை பட்டுக் கிண்ணம் சாஞ்சிருச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அழியத்தான் இல்ல. மெஷினே போயிருச்சு. இப்ப அந்தப் பேச்சு போயிருச்சான்னு கேக்கப் பயமா இருக்கு. அழிக்கணும்னு நெனச்சவனுக்கு எதுக்குப் பயம்னு தெரியல."

பெய்-லின் சால்வையை அவிழ்த்தாள். "வாங்க மாமா. அது எழுந்திருக்குதான்னு மொதல்ல பாப்போம்," என்றாள்.

கோயில் ஆபீஸில் ஆளில்லை. கதவு திறந்துதான் இருந்தது. காணிக்கை ரசீது போடுகிற பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் பச்சைப் பாக்கெட், தேதி முடியாதது. பெய்-லின் பென்டிரைவை அதில் செருகினாள். கோப்புகளைத் திறந்தாள். விழுகிற டிரைவர் எதுவோ அதைத் தூக்கி வெளியே போட்டாள். அதைக் கூப்பிடுகிற வரியையும் எடுத்தாள். சும்மா ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால், இல்லாத ஆளைக் கூப்பிட்டுவிட்டு மெஷின் அங்கேயே நிற்கும். தெங்-வாங் பின்னால் நின்று பார்த்தார்.

"புதுசு போடலயா அதுக்குப் பதிலா?"

"இப்ப வேணாம் மாமா. தேய்க்கிற தட்டு வேலை செய்யாது. பரவால்ல. மவுஸ் வெச்சு ஓட்டிக்கலாம். எழுந்திருச்சாப் போதும்."

கோயில் மவுஸைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினாள். பென்டிரைவைச் செருகி விசையை அமுக்கினாள். வெள்ளை எழுத்து கொட்டியது. இருவரும் குனிந்தார்கள். எழுத்து வழக்கமாக நிற்கிற இடம் எது என்று அவளுக்கு இப்போது மனப்பாடம். அந்த இடம் வந்தது. நின்றது.

தெங்-வாங்கின் மூச்சு அவள் தோளில் சுட்டது.

எழுத்து நகர்ந்தது. நின்ற இடத்தைத் தாண்டி மேலும் ஒரு பக்கம் ஓடியது. திரை கறுத்தது. அவள் உதட்டைக் கடித்தாள். நீலமாக விடிந்தது திரை. கடவுச்சொல் கேட்டது.

"எழுந்திருச்சிருச்சா?"

"எழுந்திருச்சிருச்சு மாமா."

அவர் சாமி இருந்த திசையில் கும்பிட்டார். அப்புறம் பெய்-லின் சொன்ன ஆந்தை யார் என்று தெரியாததால், போன் இருந்த திசையிலும் ஒரு கும்பிடு போட்டார். முதல் வேலையாகப் படத்தைப் பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று எனப் படியெடுத்தாள் பெய்-லின். பிறகு கடைசிப் பகுதியை ஓடவிட்டாள்.

கொட்டகைச் சுவர். பச்சைக் கயிற்றுக் குவியல். அதன் நடுவில் தெங்-வாங். இந்த வருஷம் சிப்பி மெலிவு, தண்ணீர் சூடு அதிகம், மூங்கில் நல்லதாக வரவில்லை என்று பேசிக்கொண்டே போனார். நெடுநேரம் கயிற்றையே பார்த்துப் பேசினார். அப்புறம் முகத்தைத் தூக்கினார். "நீ போனதும் உன் ரூம்ல கயிறும் கூடையும் போட்டுக்கலாம்னு உங்கம்மா சொல்றா. போட மாட்டேன். கட்டில் அங்கயே கெடக்கும். எப்ப வந்தாலும் வந்து படுத்துக்க." அவ்வளவுதான்.

ஆபீஸ் ஜன்னல் கடகடத்தது. பெய்-லின் மவுஸின் மேல் கை வைத்துத் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க. வெட்டணும்னா வெட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் யோசித்தார். "எல்லாருக்கும் அவங்க குரல் இப்படித்தான் கேக்குமா?"

"எல்லாருக்கும் இப்படித்தான். என் குரலக் கேட்டா எனக்குப் பல்லு கூசும்."

"அப்ப இருக்கட்டும்," என்றார். வெளியே போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

வழியில் பிங்-ஹுங்கிடமிருந்து போன். "அண்ணி, அழிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"இன்னும் அழிக்கலயா? நேரமாகலயா உங்களுக்கு? சொன்னாக் கேக்க மாட்டீங்களே."

"அது ஓடுதுப்பா."

"எப்படி?"

"எலி பிடிபட்டுச்சு," என்றாள் பெய்-லின். அவளுக்குப் பசித்தது. மத்தியானம் கஞ்சி குடித்தோமா என்பதே ஞாபகமில்லை.

*

மறுநாள் மத்தியானம் பந்தலுக்குள் சிவப்பு மேசைவிரிப்புகள் கிளிப் போட்டும் பறந்தன. மாப்பிள்ளை வீட்டார் வடக்கிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, காற்றுக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெங்-வாங் புதுக் கோட்டு போட்டிருந்தார். அதன் தோள் அவரைவிட அகலம். மேடையோரம் பெய்-லின், லேப்டாப், கோயில் மவுஸ். லேப்டாப்பின் மேல் மாமியார் புதிதாக வாங்கிவைத்த பச்சைப் பாக்கெட்.

படம் ஓடியது. மூக்கு ஒழுகுகிற மான்-லியைப் பார்த்து எல்லா மேசையும் சிரித்தது. மாப்பிள்ளையின் அக்கா, "இப்பவும் அப்படித்தானாம்மா?" என்று கத்தினாள். மான்-லி மூக்கைத் தொட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடம், சைக்கிள், சிப்பிக் கொட்டகை, மோதிரம். படம் முடிந்துவிட்டதென்று ஆட்கள் திரும்பினார்கள். அப்போதுதான் திரையில் கயிற்றுக் குவியல் வந்தது. மான்-லியின் சிரிப்பு அப்படியே நின்றது.

திரையில் தெங்-வாங் சிப்பி மெலிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சமையல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. பந்தலுக்குப் பின்னாலிருந்து, "சூப்பு ஆறுதுப்பா! வெடி வெக்கிறவன் எங்க?" என்று குரல் கொடுத்தார். முதல் தட்டு மேசைக்கு வரும்போது வெடி போட வேண்டும். ஷெங்-கை பந்தலுக்கு வெளியே நின்றான். அங்கிருந்து திரை தெரியாது. பற்றவைத்துவிட்டான்.

திரையில் தெங்-வாங் முகத்தைத் தூக்கினார். வாய் அசைந்தது. சரவெடி சுவரில் மோதித் திரும்பி வெடித்தது. புகையைக் காற்று பந்தலுக்குள் தள்ளியது. குழந்தைகள் காதைப் பொத்தின. வெடி ஓய்ந்தபோது திரை வெறுமையாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டுகள் வந்துவிட்டன.

மான்-லி நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மேசைக்கு வந்தாள்.

"அப்பா, என்ன சொன்னீங்க? ஒண்ணுமே கேக்கல."

தெங்-வாங் மருமகளைப் பார்த்தார். பெய்-லின் மவுஸைப் பிடித்தாள், பின்னால் ஓட்டிப் போடுவதற்கு. அவர் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"சிப்பி மெலிவுன்னு சொன்னேன்."

"அது கேட்டுச்சு. அதுக்கப்புறம்."

மேசையில் எல்லாரும் சாப்ஸ்டிக்கை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சம்பந்தி கையில் கோப்பையோடு நின்றார். தெங்-வாங் எழுந்து நின்றார். கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உன் ரூம் அப்படியே இருக்கும்," என்றார். அதே நனைந்த ஆட்டுக் குரல். "அதுல எதையும் போட மாட்டேன். எப்ப வேணா வா."

மான்-லி உதட்டை மடித்துக்கொண்டாள். கண்மை கலையாதபடி மேலே பார்த்தாள். அப்புறம், "அப்பா," என்றாள், "காலைல எனக்குப் பாவாட கட்டிவிட்டப்ப, கட்டில் மேல கயிறு மூட்ட ரெண்டு கெடந்துதே. அது மேல உக்காந்துதான் எனக்குத் தல வாரினாங்க."

மேசை முழுக்கச் சிரிப்பு. மாமியார் சூப்புக்குள் குனிந்துகொண்டாள்.

"உங்கம்மா வெச்சிருப்பா."

"நானா? நீங்கதான மழைக்கு நனையும்னு தூக்கிப் போட்டீங்க!" என்றாள் மாமியார். "எல்லாத்துக்கும் நான்தானா? பல்லு டாக்டருக்கும் நான்தானா?"

தெங்-வாங் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, பந்தலை விட்டு வெளியேறி, காற்றுக்கு எதிராகக் குனிந்து வீட்டுப் பக்கம் நடந்தார். சம்பந்தி, "எங்க போறாரு?" என்று கேட்டார். மாமியார் அவர் கோப்பையை நிரப்பினாள். பெய்-லின் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வந்து தன் கிண்ணத்தில் சூப்பு ஊற்றிக்கொண்டாள். சூடாக இருந்தது. இஞ்சி சரியாக இருந்தது. அடுத்து இறால் வந்தது. அதற்கடுத்துப் பசையரிசிச் சோறும் நண்டும் வந்தன.

மீன் வந்தபோது அவரும் வந்தார். உட்கார்ந்து, சாப்ஸ்டிக்கை எடுத்து, மீனின் கன்னத்துச் சதையைக் கிள்ளி மான்-லியின் கிண்ணத்தில் வைத்தார். புதுக் கோட்டின் தோளில் கயிற்றின் பச்சை நைலான் இழை ஒட்டியிருந்தது. மான்-லி தட்டிவிடக் கையை நீட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு மீனைத் தின்றாள்.